குழப்படிக்காரப் பிள்ளையும் ஒரு குளிசையும்

(சங்கத்தின் நூற்றாண்டு நிகழ்வுகளில் ஒன்றாகக் கல்லூரி மண்டபத்தில் நடைபெற்ற பெற்றோர் ஒன்றுகூடலில், பழைய மாணவியரான சகோதரிகள் இருவர் சேர்ந்து ஆற்றிய உரை)



இந்த மேடையில் நாங்கள் இருவரும் சேர்ந்து ஏறுவது இதுதான் முதல் தடவை. மூத்தவள் இங்கே உயர்தரம் படித்த காலத்தில் இளையவள் ஐந்தாம் வகுப்பில் இருந்தாள். இன்றைக்கு நாங்கள் பேச வந்திருப்பது எங்கள் மகனைப் பற்றி. பெற்றது இளையவள். ஆனால் மட்டக்களப்பில் தாயின் அக்காவும் தாய்தான் என்பது உங்களுக்குத் தெரியும். ஒரே வளவு, இரண்டு வீடு, ஒரு கிணறு, அதற்கு மேல் எங்கள் அம்மா. ஆகவே 'எங்கள் மகன்' என்றே சொல்லிக்கொண்டு போவோம். எந்த வசனம் யாருடையது என்று நீங்கள் பிரித்துப் பார்க்க வேண்டாம். எங்களுக்கே அது இப்போது பிரிபடாது.

அவனிடம் அனுமதி கேட்டுத்தான் வந்தோம். இரண்டு நிபந்தனை போட்டான். பெயர் சொல்லக் கூடாது. வகுப்பறைக்குள் ஓணானை விட்ட கதையைச் சொல்லக் கூடாது. முதலாவதைக் கட்டாயம் காப்பாற்றுவோம்.

ஏடிஎச்டி என்ற சொல்லை உங்களில் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். தமிழில் 'கவனக்குறைவு மிகைஇயக்கக் குறைபாடு' என்று எழுதுகிறார்கள். அதை ஒரே மூச்சில் சொல்லி முடிக்கவே நல்ல கவனம் வேண்டும். உலகம் முழுவதும் செய்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் 100 பிள்ளைகளில் ஏறத்தாழ 5 பேருக்கு இது இருக்கிறது. 40 பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் இரண்டு பேர் என்று வையுங்கள். இங்கே இருக்கும் ஆசிரியைகள் மனதுக்குள் இப்போதே இரண்டு பெயர் ஓடியிருக்கும்.

எங்கள் மகன் 2010இல் பிறந்தவன். இவன் நடக்கப் பழகவில்லை, ஓடத்தான் பழகினான் என்று அம்மம்மா சொல்வார். சோற்றுக் கோப்பையோடு வளவைச் சுற்றி ஓடித்தான் அவனுக்குத் தீத்த வேண்டும். பாடசாலைக்குப் போன பிறகு கொப்பி தொலையும், அழிறப்பர் தொலையும், ஒருநாள் ஒரு சப்பாத்து மட்டும் தொலைந்தது. ஆனால் மாமாவோடு வாவிக்குப் போனால் தூண்டிலைப் பிடித்துக்கொண்டு இரண்டு மணித்தியாலம் அசையாமல் இருப்பான். இதைப் பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "மீன் பிடிக்க இருக்கிறான்தானே, அப்ப படிக்கவும் இருப்பான். வேணுமெண்டுதான் செய்யிறான்." நாங்களும் நெடுநாள் அப்படித்தான் நினைத்தோம். தனக்குப் பிடித்ததில் மூழ்கிப் போவதும், பிடிக்காததில் ஒரு நிமிடமும் நிற்க முடியாமல் இருப்பதும் இந்தக் குறைபாட்டின் இயல்பே என்று பிறகுதான் அறிந்தோம். கவனம் இல்லாமல் இல்லை. அதைக் கேட்ட இடத்துக்குத் திருப்பும் பிடி அவன் கையில் இல்லை.

ஒருமுறை படுவான்கரையில் ஒரு கலியாண வீட்டுக்குப் போகக் குருக்கள்மடத்துத் துறையில் நின்றோம். அம்பிளாந்துறைப் பக்கமிருந்து பாதை வந்துகொண்டிருந்தது. (வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும் சகோதரிகளின் பிள்ளைகளுக்காகச் சொல்கிறோம்: எங்கள் ஊரில் பாதை என்றால் ஆட்களையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவை.) அது கரை தொட இன்னும் ஓர் ஆள் நீளம் இருந்தது. அதற்குள் இவன் பாய்ந்துவிட்டான். பக்கத்தில் வலை உதறிக்கொண்டு நின்ற ஒருவர் சட்டையைப் பிடித்துத் தூக்கினார். கலியாணச் சட்டை முழுக்கச் சேறு. ஏன் பாய்ந்தாய் என்று கேட்டதற்கு, "வந்திட்டு எண்டு நினைச்சன்" என்றான். அன்று அவனுக்கு அடி விழுந்தது. பயத்தில் அடித்தோம் என்று சொல்லித் தப்பலாம். அடித்தோம் என்பதுதான் உண்மை.

இங்கே ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். எங்களில் மூத்தவள் 28 வருடம் படிப்பித்தவள். அந்தக் காலத்தில் எத்தனை பிள்ளைகளை முழங்காலில் வைத்தாள், எத்தனை பேரை வகுப்புக்கு வெளியே நிறுத்தினாள் என்ற கணக்கு அவளிடம் இல்லை. பாடசாலையில் பிள்ளைகளுக்கு அடிக்கக் கூடாது என்று கல்வி அமைச்சு 2005இல் சுற்றறிக்கை அனுப்பிய பிறகு பிரம்பு அலுமாரிக்குள் போனது. நாக்கு போகவில்லை. தன் தங்கையின் மகன் மூன்றாம் தரத்தில் இன்னொரு பாடசாலையில் அதே மாதிரி வெளியே நிற்கக் கண்டபோதுதான், அந்த விறாந்தை எவ்வளவு நீளம் என்று அவளுக்குத் தெரிந்தது.

2018இல் கிளினிக்குக்குப் போனோம். ஒரு குளிசையோடு திரும்பி வருவோம் என்ற எண்ணத்தோடுதான் போனோம். வைத்தியர் அன்றைக்கு எதையும் எழுதவில்லை. கேட்டார், கேட்டார், கேட்டுக்கொண்டே இருந்தார். வீட்டில் மட்டுமா, பாடசாலையிலும் இப்படித்தானா? தூக்கம் எப்படி? காது நன்றாகக் கேட்கிறதா, கண் பார்த்தீர்களா? வலிப்பு வந்ததுண்டா? குடும்பத்தில் இளவயதில் இருதய நோயால் யாராவது இறந்தார்களா? தகப்பன் சிறுவயதில் எப்படி? (தகப்பனின் தாயிடம் போய்க் கேட்டோம். அவர் சிரித்த சிரிப்பே விடை.) வகுப்பாசிரியைக்கு ஒரு படிவம் தந்துவிட்டார். எல்லாவற்றுக்கும் மேலாக அவர் கேட்டது, "எப்போதிருந்து?" என்ற கேள்வி.

அந்தக் கேள்வியில் சற்று நின்றுவிட்டுப் போக விரும்புகிறோம். வேறு நாட்டில் அது படிவத்தில் உள்ள ஒரு கேள்வி. அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும், 6 மாதத்துக்கு மேல் நீடித்திருக்க வேண்டும், குறைந்தது இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும் என்ற விதிகள் உண்டு. மட்டக்களப்பில் அந்தக் கேள்விக்கு வேறு கனம் இருக்கிறது. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு, 2005 தை மாதம் பாடசாலை மறுபடி தொடங்கியபோது, கல்லடி, நாவலடி, டச்பார் பக்கத்துப் பிள்ளைகள் மூத்தவளின் வகுப்பில் இருந்தார்கள். ஒரு இடத்தில் இருக்க மாட்டார்கள். கதவு அடித்தால் எழும்பி ஓடுவார்கள். சொன்னது காதில் ஏறாது. ஒரு சிறுவன் பாடம் எழுதாமல் யன்னலையே பார்த்துக்கொண்டிருப்பான். கடல் வருகிறதா என்று பார்க்கிறான் என்பது பல நாளைக்குப் பிறகுதான் விளங்கியது. அறிகுறிப் பட்டியலை மட்டும் வைத்துக் கொண்டு பார்த்தால் அந்த வகுப்பில் பாதிப் பேருக்கு ஏடிஎச்டி என்று எழுதிவிடலாம். அது துக்கமும் பயமும். 2019 உயிர்த்த ஞாயிறன்று சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த பிறகும் இந்த நகரத்துப் பிள்ளைகள் சிலரை அப்படிப் பார்த்தோம்.

அப்படியான பிள்ளைகளுக்கு வேண்டியது வேறு. 1996இல் அருட்தந்தை போல் சற்குணநாயகமும் கனடாவிலிருந்து வந்த ஓவியர் போல் ஹோகனும் சேர்ந்து இந்த ஊரில் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைத் தொடங்கினார்கள். தமிழ்க் கிராமத்துப் பிள்ளைகளும் முஸ்லிம் கிராமத்துப் பிள்ளைகளும் ஒரே பஸ்ஸில் அங்கே வந்து களிமண்ணும் நிறமும் கதையுமாக இருந்தார்கள். யுத்தத்துக்குள் வளர்ந்த பிள்ளையின் பதகளிப்புக்கு அது பொருத்தமான வழி. எங்கள் மகனின் விடயம் அதுவல்ல. அவனுடைய ஓட்டம் 2012இலேயே வளவுக்குள் ஓடிய ஓட்டம். எந்த வெடிச் சத்தத்துக்கும் பின்னால் தொடங்கியதல்ல. இதைப் பிரித்தறிய மூன்று கிளினிக் நாட்கள் எடுத்தன. மூன்று நாளும் வீண் போகவில்லை என்பது எங்கள் எண்ணம். முதல் நாளே பெயர் சூட்டிக் குளிசையும் தந்திருந்தால் நாங்கள் சந்தோசப்பட்டிருப்போம், நம்பியிருக்க மாட்டோம்.

பெயர் தெரிந்துவிட்டது. மறுகா? மருந்து கொடுப்பதா, வேண்டாமா?

கத்தாரிலிருந்து தகப்பன் போனில் சத்தம் போட்டார்: "எண்ட புள்ளைக்கு விசர்க் குளிசையா?" பாடசாலையில் ஒருவர், கொடுத்தால் வகுப்பு நிம்மதியாக இருக்கும் என்ற மாதிரிப் பேசினார். சொந்தக்காரர் ஒருவர் இது பார்வைக் குற்றம் என்று தண்ணீர் ஓதிக் கொடுத்து, கையில் நூலும் கட்டிவிட்டார். அதையும் தடுக்கவில்லை, நூலால் யாருக்கும் பசி கெடவில்லையே.

அம்மம்மா மட்டும் ஒன்று சொன்னார். அவருக்குப் பிரசர். "உப்பைக் குறைச்சுப் பாத்துப்போட்டுத்தானே எனக்குக் குளிசை தந்தவங்க. புள்ளைக்கும் முதல்ல உப்பைக் குறைச்சுப் பாருங்ககா" என்றார். நாங்கள் பிறகு வாசித்துப் பார்த்தால், இங்கிலாந்தின் நைஸ் நிறுவனம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டலும் ஏறத்தாழ அம்மம்மாவின் பேச்சைத்தான் பேசுகிறது: 5 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு முதலில் சூழலை மாற்றிப் பாருங்கள், அதன் பிறகும் வாழ்க்கை கெட்டுக்கொண்டிருந்தால் மருந்தை யோசியுங்கள்.

ஆறு மாதம் உப்பைக் குறைத்தோம். ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் சொல்வது. "போய்க் குளிச்சுப்போட்டு, உடுப்பு மாத்தி, புத்தகத்த எடுத்துட்டு வா" என்பது மூன்று வேலை. முதலாவதோடு அவன் கிணற்றடியில் தவளையோடு நின்றுவிடுவான். காலையில் செய்ய வேண்டியவற்றைப் படமாகக் கீறிக் கதவில் ஒட்டினோம். வகுப்பில் முன்வாங்கில் இருத்தும்படி கேட்டோம். வெண்கட்டி எடுத்து வர, கொப்பி கட்டிக்கொண்டு போக அவனையே அனுப்பும்படி கேட்டோம். நல்லது செய்தால் உடனே சொல்வது. இது எங்களுக்கு மிகக் கடினமாக இருந்தது. பிள்ளையைப் புகழ்ந்தால் நாவூறு படும் என்று வளர்ந்தவர்கள் நாங்கள்.

வீட்டில் பலன் தெரிந்தது. காலை நேரச் சண்டை பாதியாகக் குறைந்தது. 42 பிள்ளைகள் இருந்த வகுப்பில் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. அந்த ஆசிரியையை நாங்கள் குறை சொல்ல மாட்டோம்.

இதற்கிடையில் இரவில் இருந்து வாசித்தோம். பயம் தெளிவதற்காக வாசித்தோம், சில இடங்களில் பயம் கூடியது. 1937இல் அமெரிக்காவில் சார்ல்ஸ் பிராட்லி என்ற வைத்தியர் தன் விடுதியில் இருந்த 30 பிள்ளைகளுக்குப் பென்சட்ரின் என்ற மருந்தை ஒரு வாரம் கொடுத்தார். பரிசோதனை ஒன்றுக்குப் பிறகு பிள்ளைகளுக்கு வந்த தலையிடியைத் தீர்க்க முயன்றபோது எதிர்பாராமல் கண்டதாம் இது: தலையிடியில் பெரிய மாற்றம் இல்லை, ஆனால் அவர்களில் 14 பேர் படிப்பில் ஆச்சரியப்படும்படி மாறினார்கள். பிள்ளைகளே அதற்குக் கணக்குக் குளிசை என்று பெயர் வைத்தார்கள். இப்போது அதிகம் கொடுக்கப்படுவது மெதைல்பெனிடேட். 1944இல் சுவிற்சர்லாந்தின் சீபா கம்பனியில் லியாண்ட்ரோ பனிசோன் என்பவர் அதை ஆக்கினார். ரிட்டலின் என்ற வியாபாரப் பெயர் அவருடைய மனைவி ரீட்டாவின் பெயரிலிருந்து வந்தது. அந்த அம்மா ரெனிஸ் விளையாடப் போகுமுன் அதைப் போட்டுக்கொள்வாராம். இந்தக் கதையை வாசித்த இரவு எங்களுக்கு மருந்தின் மேல் இருந்த மரியாதை கொஞ்சம் இறங்கியது.

மிகவும் உதவியது 1999இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வு. 7 முதல் 9 வயது வரையிலான 579 பிள்ளைகளை நான்கு கூட்டமாகப் பிரித்து 14 மாதம் பார்த்தார்கள். கவனமாக அளவிட்டுக் கொடுத்த மருந்து, நடத்தைப் பயிற்சியைவிட அறிகுறிகளை நன்றாகக் குறைத்தது. இரண்டையும் சேர்த்துப் பெற்றவர்களுக்குக் குறைந்த அளவு மருந்தே போதுமாக இருந்தது. இதோடு நிறுத்தினால் கதை சுபம். ஆனால் 3 வருட முடிவில் திரும்பப் பார்த்தபோது நான்கு கூட்டத்துக்கும் இடையில் இருந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. தொடர்ந்து மருந்தெடுத்த பிள்ளைகள் எடுக்காதவர்களைவிடச் சராசரியாக 2 சென்ரிமீற்றர் அளவு குறைவாக வளர்ந்திருந்தார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இதைச் சேர்க்கும்படி 2019இலும் 2021இலும் கேட்டும், சான்றுகள் போதாது என்று நிபுணர் குழு சேர்க்கவில்லை. அதே மருந்தைத்தான் பல நாட்டு வழிகாட்டல்கள் முதல் மருந்தாகச் சொல்கின்றன. இரண்டும் உண்மை. ஒன்றை மட்டும் சொல்பவர்களிடம் கவனமாக இருங்கள். மருந்துக்கு ஆதரவானவர்களானாலும் சரி, எதிரானவர்களானாலும் சரி.

எங்கள் முடிவு புத்தகத்திலிருந்து வரவில்லை. ஒரு திங்கட்கிழமை வகுப்பில் யாரோ ஒரு பிள்ளையின் நிறப்பென்சில் பெட்டி காணாமல் போனது. அன்று எங்கள் மகன் காய்ச்சலோடு வீட்டில் படுத்திருந்தான். செவ்வாய்க்கிழமை பாடசாலைக்குப் போனான். யார் எடுத்தது என்று ஆசிரியை பொதுவாகக் கேட்டபோது இவன் எழும்பி, "நான்தான் எடுத்தன்" என்றிருக்கிறான். அந்த ஆசிரியைதான் எங்களுக்கு இதைச் சொன்னார். சொல்லும்போது அவர் கண் கலங்கியிருந்தது. ஏன் அப்படிச் சொன்னாய் என்று அன்றிரவு கேட்டோம். "எப்பவும் நான்தானே" என்றான். அழவில்லை. சாதாரணமாகச் சொன்னான். எட்டு வயது.

அதுவரை நாங்கள் மருந்தால் வரக்கூடிய கேட்டை மட்டும் ஒரு தட்டில் வைத்து நிறுத்துக்கொண்டிருந்தோம். கொடுக்காமல் இருப்பதற்கும் ஒரு விலை உண்டு என்பதையும், அதை அவனே நாளாந்தம் கட்டிக்கொண்டிருக்கிறான் என்பதையும் அன்றுதான் கண்டோம். தகப்பனுக்குப் போன் எடுத்து இந்த ஒன்றைத்தான் சொன்னோம். நெடுநேரம் அந்தப் பக்கம் சத்தம் இல்லை. பிறகு, "டொக்டர்ட்டக் கேட்டுச் செய்யுங்க" என்றார்.

வைத்தியர் இதை ஒரு பரீட்சார்த்தமாகத்தான் வைத்தார். இந்தக் கலியாணத்துக்கு விவாகரத்து உண்டு என்று பகிடியாகச் சொன்னார். உயரம், நிறை, நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம் அளந்தார். 5 மில்லிகிராமில் தொடக்கம். எது மாறினால் பலன் என்று ஒத்துக்கொள்வோம் என்பதை மருந்து தொடங்கும் முன்னரே எழுதச் சொன்னார். நாங்கள் மூன்று எழுதினோம்: கரும்பலகையில் உள்ளதைப் பாதியாவது எழுதி வருவது, வீதியில் கை விடாமல் நடப்பது, ஒரு கிழமையில் ஒரு பிள்ளையாவது அவனோடு விளையாடக் கேட்பது. ஆசிரியையும் நாங்களும் தனித்தனியே குறித்தோம்.

குளிசை அரை மணித்தியாலத்தில் வேலை தொடங்கி நாலு மணித்தியாலம் போல நிற்கும். முதல் கிழமையிலேயே கொப்பியில் திகதி, தலைப்பு, ஏழு வரி. எழுத்து கோட்டில் நின்றது. அந்தக் கொப்பியை இன்னும் வைத்திருக்கிறோம்.

பிறகு அளவு கூட்டப்பட்டது. அடுத்த கிழமை பாடசாலையிலிருந்து நல்ல செய்தி: "இப்ப நல்ல புள்ளை, இருந்த இடத்தில இருக்கிறான்." வீட்டுக்கு வந்தவனைப் பார்த்தோம். கேட்டால் பதில் சொன்னான், கேட்காவிட்டால் ஒன்றுமில்லை. மாமா தூண்டிலை எடுத்துக்கொண்டு கூப்பிட்டார்; "நாளைக்கு வாறன்" என்றான். அவன் வாழ்க்கையில் சொல்லாத சொல். அன்றே வைத்தியருக்கு அறிவித்தோம், அளவைக் குறைத்தார். மற்றவர்களுக்கு வசதியான பிள்ளையும் சுகமான பிள்ளையும் ஒன்றல்ல என்று அவர் சொன்னதை எங்கள் காது மறக்கவில்லை. உங்கள் பிள்ளைக்கு மருந்து கொடுத்து வகுப்பு அமைதியானால் அதோடு திருப்திப்பட்டு விடாதீர்கள். அவன் இன்னும் சிரிக்கிறானா, பகிடி விடுகிறானா, பிடித்த விளையாட்டுக்கு ஓடுகிறானா என்று பாருங்கள். இவை போய்விட்டால் அளவு பிழை, அல்லது மருந்து பிழை. வேறு மருந்தும் உண்டு. அட்டோமொக்செடின் என்பது வேறு விதமாக வேலை செய்யும், பலன் தெரியச் சில கிழமை எடுக்கும்.

சாப்பாட்டுப் பெட்டி நிறைந்தபடி திரும்பி வந்தது. மூன்று மாதத்தில் ஒன்றரைக் கிலோ இறங்கினான். பேரப்பிள்ளை சோற்றை வெறுப்பதை எந்த அம்மம்மாதான் தாங்குவார்? அவரே வழியும் கண்டார். குளிசைக்கு முன் பிட்டும் முட்டையும். இரவு ஒன்பது மணிக்கு, பசி திரும்பி வரும் நேரத்தில், இரண்டாவது தரம் சோறு. பின்னேரம் மருந்து இறங்கும்போது காரணமில்லாமல் அழுவான். அந்த ஒரு மணித்தியாலத்தில் பாடம், ரியூசன், கேள்வி ஒன்றும் வைக்காமல் வாவிக்கரைக்கு விட்டோம். ஆறு மாதத்துக்கு ஒருதரம் உயரத்தைக் கதவு நிலையில் கோடு போட்டு வருகிறோம்.

மருந்து செய்யாததையும் சொல்ல வேண்டும். இரண்டு வருடம் தவறவிட்ட வாசிப்பை அது வாசிப்பிக்கவில்லை. புத்தகப் பையை அடுக்கவில்லை. இருந்து படிக்க ஒரு கதிரை போட்டுக் கொடுத்தது, அவ்வளவுதான். கதிரையில் இருந்து படிப்பிப்பது எங்கள் வேலையாகவே இருந்தது.

புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கிய காலத்தில் ஓர் இரவு எங்களுக்குத் தெரிந்த ஒரு தாய் வந்தார். அவருடைய மகளுக்கு ஒரு குறையும் இல்லை. வெட்டுப்புள்ளிக்குப் பத்துப் புள்ளி கிட்டாமல் இருக்கிறாள் என்ற கவலை. "உங்கட மகன்ட குளிசையில நாலு தாங்களன், பரீட்சை முடியும் மட்டும்" என்று கேட்டார். கொடுக்கவில்லை. சர்வதேச உடன்படிக்கையின் கீழ்க் கட்டுப்பாட்டில் உள்ள மருந்து அது. ஒருவருக்கு எழுதியதை இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடாது. ஆனால் எங்களை உறுத்தியது சட்டம் அல்ல. பத்து வயதுப் பிள்ளைகளுக்கு நாங்கள் எல்லோரும் சேர்ந்து வைத்திருக்கும் ஓட்டப்பந்தயம் எப்படிப்பட்டதென்றால், ஒரு நல்ல தாய் இருட்டில் வந்து அப்படிக் கேட்கிறார். எங்கள் மகனும் அந்தப் பரீட்சை எழுதினான். வெட்டுப்புள்ளிக்கு மிகக் கீழே. முடித்துவிட்டு வந்து, எல்லா வினாவுக்கும் விடை எழுதியதாகச் சொன்னான். அன்றைக்குக் கல்லடிப் பாலத்தடியில் ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுத்தோம்.

2022இல் நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது எங்களுக்கும் குளிசை கிடைக்கவில்லை. நகரத்துக் கடைகள், கல்முனை, கொழும்பில் இருக்கும் சொந்தம் என்று எல்லா இடமும் கேட்டோம். ஏழு கிழமை ஒன்றும் இல்லை. நாங்களாக நிறுத்திப் பார்க்கத் துணியாததை நாடு எங்களுக்காகச் செய்தது. பயந்த அளவு நடக்கவில்லை. படிப்பு சறுக்கியது, ஒருநாள் சைக்கிளோடு ஓட்டோவில் மோதப் பார்த்தான். ஆனால் நண்பர்கள் போகவில்லை, "நான்தான்" என்று எழும்பி நிற்கவில்லை. வைத்தியரோடு இருந்து கதைத்து, குறைந்த அளவில் பாடசாலை நாளுக்கு மட்டும் என்று மாற்றினோம்.

இது பெண்கள் கல்லூரி. ஆகவே ஒன்று. ஓணான் விடும் பையனை எல்லோரும் காண்பார்கள். ஓடாமல், சத்தமில்லாமல், யன்னலோரம் இருந்து பாடத்தைத் தவறவிடும் பெண்பிள்ளையை யாரும் காண்பதில்லை. கவனக்குறைவு மட்டும் உள்ள வகை அது. பெண்பிள்ளைகளில் பல வருடம் கண்டுபிடிக்கப்படாமலே போகிறது. மூத்தவளின் வகுப்பில் ஒருத்தி இருந்தாள். கூப்பிட்டால் மூன்றாம் தரம்தான் திரும்புவாள். கெட்டிக்காரி, ஆனால் கொப்பி வெறுமை. கனவுக்காரி என்று நாங்கள்தான் பட்டம் வைத்தோம். சாதாரண தரத்தோடு நின்றுவிட்டாள். போன வருடம் ஒரு சாவீட்டில் சந்தித்து இதெல்லாம் கதைத்துக்கொண்டிருந்தபோது, நெடுநேரம் கேட்டுவிட்டு, "அப்ப நான் மக்கு இல்லையாகா?" என்றாள். ஐம்பது வயதுக்குப் பிறகு கேட்கிறாள். இன்று அவளை அழைத்தோம். மகளின் பிரசவம் என்று வரவில்லை.

கிளினிக்குக்குப் போக நினைப்பவர்கள் பிள்ளையின் கொப்பிகளையும், வகுப்பாசிரியையின் இரண்டு வரி எழுத்தையும், பிறந்ததிலிருந்து நிறை குறித்த சுகாதார அட்டையையும் கொண்டு போங்கள். ஒரு நாள் வேலை மினக்கெடும். மூன்று நாளும் ஆகலாம். பாட்டியையும் கூட்டிப் போங்கள், நிறைய ஞாபகம் வைத்திருப்பார்.

மகனுக்கு இப்போது 15 வயது. மருந்து தொடருவதா என்பதை இனி அவனும் சேர்ந்துதான் தீர்மானிக்க வேண்டும் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். சாதாரண தரம் முடியும் மட்டும் எடுப்பேன், பிறகு விட்டுப் பார்ப்பேன் என்கிறான். எங்களுக்குள் இன்னும் ஒத்த கருத்து இல்லை; இளையவள் சரி என்கிறாள், மூத்தவள் பொறுப்போம் என்கிறாள். அடுத்த கிளினிக் மார்கழியில். இந்த முறை நீங்கள் இரண்டு பேரும் வெளியே இருங்கள், நான் கதைக்கிறேன் என்று சொல்லியிருக்கிறான்.